ஏழு அறைக்கும் ஒரே பாட்டு

பிலிப்பைன்ஸில், எங்கள் டிக்பவானில், ஆகஸ்டு மாதம் வீட்டுச் சுவரை உடைப்பவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பல்காரனாக இருக்க வேண்டும். ரோடெல் கப்பல்காரன். உடைக்கச் சொன்ன அன்று அவன் எண்ணெய்க் கப்பலில், வளைகுடா வெயிலில் இருந்தான். மழை முழுவதும் இங்கே எங்கள் தலையில் பெய்துகொண்டிருந்தது.

எங்கள் என்றால் நானும் கொத்தனார் பெர்டோவும். என் பெயர் எலிசியோ, ஊரில் நோங் சேயோ. நோங் என்றால் அண்ணன். எனக்குக் கிடைக்கிற ஒரே மரியாதை அதுதான் என்பதால் யார் அதை விட்டுவிட்டுக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். திரும்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருபத்தாறு வருஷம் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஒரு முட்டியையும் ஒன்றரைக் காதையும் இன்ஜின் அறையில் விட்டுவிட்டு வந்தவன் நான். மிச்சமிருக்கிற அரைக் காதில் ஒரு மெஷின் மாட்டியிருக்கிறேன். நல்ல மெஷின்தான். ரொட்டியை மென்றால் மட்டும் விசில் அடிக்கும்.

எங்கள் கடற்கரைச் சாலையில் மூன்று வீட்டுக்கு ஒன்று கப்பல் வீடு. எல்லாம் எப்போதும் பாதி முடிந்த வீடுகள். ஆள் விடுமுறைக்கு வரும்போது ஒரு அறை வளரும், போன பிறகு துருப்பிடித்த கம்பிகள் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்து நிற்கும். ரோடெலின் வீடு மட்டும் அவன் இல்லாதபோதும் வளரும். அவன் வீடியோவிலேயே மேஸ்திரி வேலை பார்ப்பவன். முகப்பில் மூன்று படி கட்டியதும், எங்கள் ஊர் வழக்கப்படி தங்கம், வெள்ளி, சாவு என்று படிகளை எண்ணிப் பார்த்து, சாவில் முடியுது, நாலாவது போடு என்று செங்கடலிலிருந்து சொன்னவன்.

இந்தத் தடவை பாட்டு. வீட்டில் ஏழு அறை, ஏழிலும் ஒலிபெருக்கி. இன்ஜின் பதிவேட்டுத் தாளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். முன்கூடம், சமையலறை, படுக்கையறை, மணிலாவில் படிக்கும் மகளின் அறை, மாடி அறை, முகப்பு, குளியலறை. அறைக்கு இரண்டாகப் பதினான்கு பெட்டி. பதினான்கு ஒயரும் மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரியில் வந்து சேர வேண்டும்.

"குளிக்கறப்போ பாட்டு, சரி," என்றான் பெர்டோ. "கக்கூஸ்ல உக்காந்திருக்கும்போது தேசிய கீதம் வந்தா என்ன பண்ணுவாரு?"

"எந்திரிச்சு நிக்க வேண்டியதுதான்."

"உங்க முட்டிக்கு அந்தக் கக்கூஸ் பக்கமே போகாதீங்க நோங்."

வேலை கஷ்டமில்லை, அலுப்பு. எங்கள் பக்கத்துச் சுவர் நடுவில் ஓட்டை உள்ள சிமெண்டுக் கல். கொத்துளியால் பள்ளமாகக் காடி எடுத்து, ஆரஞ்சுக் குழாயைப் பதித்து, கட்டுக்கம்பியால் கட்டி, உள்ளே இழுவைக் கம்பியை விட வேண்டும். ஒயரில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, இந்தப் பக்கம் நான் தள்ள, அந்தப் பக்கம் பெர்டோ இழுப்பான். மின்சார ஒயரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போக வேண்டும், இல்லாவிட்டால் பாட்டோடு ஒரு ரீங்காரமும் சேர்ந்து வரும். ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி அறையின் பெயரை எழுத வேண்டும். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டேயிருந்தது. வெட்டிய சுவர் இரண்டு நாளாகியும் காயாமல், நனைந்த நாயின் வாசம் அடித்தது. வியாழக்கிழமை பூச்சு. அதற்குப் பிறகு எதையும் நகர்த்த முடியாது. நகர்த்தினால் மறுபடியும் கொத்துளி, மறுபடியும் என் முட்டி.

நாலரை மணிக்கு ஜெமலின் வருவாள். ரோடெலின் மனைவி, மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சீருடையின் ஓரத்தில் சேறு, விரலில் சாக்பீஸ், கையில் நாற்பத்தைந்து நோட்டு. குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, உடைந்த கற்களின் நடுவே ஒற்றை அடுப்பை வைத்து எங்களுக்கு ஏதாவது செய்வாள். ஒரு நாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்த வாழைப்பழமும் கிழங்கும். இன்னொரு நாள் முருங்கைக் கீரையும் பூசணியும் வெண்டையும் போட்ட தெளிந்த சாறு, கருவாடு. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது. நாங்களாகவே நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொள்வோம்.

எங்கள் ஊர்ப் பேச்சு கொஞ்சம் இழுவை. இங்கே சண்டை போட்டால்கூட வெளியூர்க்காரன் தாலாட்டு என்று நினைப்பான். அதனால் ஜெமலினுக்குக் கோபமா, களைப்பா என்று கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை அவள் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே ரோடெல் கூப்பிட்டான். அவனுக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"மா, அந்தச் சுவரைக் காட்டு. இன்னும் கீழ. ஆங். நோங் சேயோ எங்க?"

"ஏணி மேல இருக்கேன்," என்றேன்.

"நோங் சேயோ எங்க?"

"ஏணி மேலன்னு சொல்றாரு பா."

"சிக்னல் சரியில்ல. ஆளைக் காட்டு." காட்டினாள். "நோங்! பெட்டியெல்லாம் நான் போட்டிருக்கிற இடத்துலதான் வரணும். ஒரு அறையிலேருந்து இன்னொண்ணுக்கு நடந்தா பாட்டு விடவே கூடாது. ஏழு அறைக்கும் ஒரே பாட்டு."

"பா, சமையலறைக்கு வேண்டாமே," என்றாள் ஜெமலின். போன் அவள் கையில் என்னைப் பார்த்தபடி இருந்தது. "நான் அங்க உக்காந்துதான் நோட்டு திருத்தறேன். நாள் பூரா பிள்ளைங்க சத்தம். ஒரு இடமாவது..."

"ஆமா மா, எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு போதும்."

"வேண்டாம்ங்கறேன்."

"கட்டாகுது. மெசேஜ்ல போடு, சரியா? மெசேஜ்ல."

"எப்பப் பாத்தாலும் இந்த சிக்னல்," என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். கப்பல்காரன் வீட்டில் இதை நாளைக்கு நாலு தடவை சொல்வார்கள். மழைக்கு, புயலுக்கு, வயசுக்கு, எல்லாவற்றுக்கும் இங்கே சிக்னல்தான் பொறுப்பு.

நானும் அப்படித்தான் தலையாட்டினேன். ஆட்டும்போது போனைப் பார்த்தேன். ரோடெலின் பின்னால், கேபின் அலமாரியில், ஒரு சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்றில் காலண்டர் தாள் படபடத்தது. சிக்னல் போனால் முதலில் உறைந்து நிற்பது விசிறிதான். அது ஒரு சுற்றுக்கூட நிற்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் வரைபடத்தை மறுபடி பார்த்தேன். ஒலிபெருக்கி என்றால் இடது ஒன்று, வலது ஒன்று. இதைக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியரான ரோடெலுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் படுக்கையில் அவன் படுக்கும் பக்கத்தை ஒரு குறி போட்டு, இரண்டு பெட்டியையும் அதற்கு வலது பக்கம் போட்டிருந்தான். முன்கூடத்தில் அவன் நாற்காலி, இரண்டும் வலது. முகப்பில் ஊஞ்சல், இரண்டும் வலது. பதினான்கும் வலது பக்கம்.

கப்பல்காரன் கப்பல்காரனிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அதை மறுநாள் மெசேஜில் கேட்டேன்.

"எந்தக் காது?"

சோற்றைத் தட்டில் போட்ட பிறகு பதில் வந்தது.

"இடது முழுசா. வலது பாதி. ஜெமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. போன காதுப் பரீட்சையில எப்படித் தேறின?"

"கூண்டுக்குள்ள உக்கார வச்சு, காதுல மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குன்னாங்க. கண்ணாடியில நர்ஸம்மாவோட தோள் தெரிஞ்சுது. தோள் அசைஞ்சா அமுக்கினேன். நீங்க சொல்லிக்குடுத்ததுதான் நோங்."

தட்டைத் தள்ளி வைத்தேன். உண்மைதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், பீர் போத்தலை ஒலிவாங்கி மாதிரி பிடித்துக்கொண்டு, அந்தக் கூண்டை ஏமாற்றும் வித்தையை நான்தான் பத்துப் பேருக்கு நடித்துக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அப்போதே எனக்குப் பாதிதான் கேட்டது.

அவன் தொடர்ந்து எழுதினான். "அக்டோபர்ல ஒப்பந்தம் முடியுது. மறுபடி பரீட்சை. இப்ப கண்ணாடியில்லாத கூண்டாம். தோத்துருவேன். அதோட கடல் முடிஞ்சுது, வீடுதான்."

"அப்ப வீட்டுல சொல்லித்தானே ஆகணும்."

"என்னன்னு சொல்றது? இருபது வருஷமா அவளோட நான் பண்ணின குடும்பம் பூரா போன்லதான். பேச்சு மட்டும்தான் நோங். அதுவும் போயிடுச்சுன்னா அவகிட்ட என்ன இருக்கு?"

"சரி, பாட்டு எதுக்கு? உனக்குத்தான் கேக்காதே."

பதில் துண்டு துண்டாக வந்தது.

"கடல்ல சிக்னல் மேல பழி போட்டேன். வீட்டுல எது மேல போடறது? ஏழு அறையிலயும் பாட்டு ஓடிக்கிட்டே இருந்தா, என்ன என்னன்னு கேக்கறவனை யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. பாட்டு சத்தம்னு விட்டுருவாங்க. நோங், சத்தியமா சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி லூர்டெஸ் இருந்த காலத்தில் அதன் கதவு முழுக்கச் சீட்டுகளாக இருக்கும். நான் கடலை விட்டு வந்தபோது அவள் எல்லாவற்றையும் சொல்வாள். நான் ஒவ்வொன்றுக்கும் என்ன என்பேன். மழை என்பேன், தெருவில் லாரி என்பேன். பிறகு அவள் பெரிய விஷயங்களை மட்டும் சொன்னாள். பிறகு அதையும் எழுதி ஒட்டிவிட்டாள். கடைசி வருஷம் பூனையோடு பேசிக்கொண்டிருந்தாள், பூனை என்ன என்று திருப்பிக் கேட்பதில்லை. இந்த மெஷினை நான் வாங்கியது அவளைப் புதைத்து நாலு மாதம் கழித்து. கடைக்காரன் சோதித்துப் பார்க்க ஏதாவது பேசட்டுமா என்று கேட்டான். நீ பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை கடைசி ஒயரை இழுத்து முடித்தோம். பெர்டோ மணல் சலிக்க வெளியே போனான். ஜெமலின் காப்பி கலந்து, பேக்கரி ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு, எதிரில் ஒரு சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள். கையில் ரோடெலின் வரைபடம்.

"நோங், ஒண்ணு கேக்கணும். ஏன் எல்லாம் ஒரே பக்கம் இருக்கு?"

"அதுவா இண்டாய்," என்றேன். இளையவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "புது முறை. ஜப்பான்ல இப்பல்லாம் இப்படித்தான். சத்தம் ஒரு பக்கத்துலேருந்து வந்து சுவர்ல பட்டு, அப்படியே சுத்தி..."

காதில் விசில் அடித்தது.

"பொய் சொல்றப்போ ரொட்டி மெல்லாதீங்க நோங்."

ரொட்டியைக் கீழே வைத்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவள் தாளை நாலாக மடித்தாள்.

"எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்."

"என்ன தெரியும்?" என்றேன், இன்னும் ஜப்பானை விடாமல்.

"ரெண்டு வருஷம் முன்னாடி லீவுல சர்ச்சுக்குப் போனா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சுத்திக்கிட்டு வந்து என் இடப்பக்கமாவே உக்காந்தான். என் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. பேர் சொன்னா திரும்பாது, தலையைச் சாய்ச்சு என் வாயையே பாக்கும். எல்லாரும் மக்குன்னாங்க. முன் பெஞ்சுல உக்கார வச்சேன். இப்ப வாய்ப்பாடு ஒப்பிக்குது. இருபது வருஷமா பிள்ளைங்களைப் பாக்கறவளுக்குச் சொந்தப் புருஷனைத் தெரியாதா?"

"ஏன் கேக்கலை அப்புறம்?"

"அவனா சொல்லட்டும்னு இருந்தேன். கேட்டா சிக்னல்ம்பான். நானும் ஆமாம்பேன். ரெண்டு பேரும் சேந்து தினம் சிக்னலைத் திட்டறோம். அலுத்துப்போச்சு நோங். அவன் பொய் சொல்றதுகூட இல்ல. நம்பின மாதிரி நான் முகத்தை வச்சுக்கறேன் பாருங்க, அது." அவள் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். "இப்ப பாட்டு எதுக்குன்னும் புரியுது. சாகறவரைக்கும் ஏழு அறையிலயும் பாட்டுக்கு மேல நான் கத்தணும், அதுக்குத்தானே?"

"நான் அவனுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் இண்டாய்."

"நீங்க எதையும் சொல்லலையே. விசில்தானே அடிச்சுது."

வியாழக்கிழமை விடியும்போதே காற்றோடு மழை. மாகாணம் முழுவதும் வகுப்புகள் ரத்து என்று ரேடியோவில் சொன்னார்கள். ஜெமலின் வீட்டில் இருந்தாள். பெர்டோ பூச்சை ஆரம்பிக்கப் போனபோது, நாலு மணிக்கு ரோடெல் கூப்பிடும் வரை எந்தச் சுவரிலும் கை வைக்காதே என்றுவிட்டாள். அவன் நாள் முழுக்கத் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து, கரண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தான். மூன்றே முக்காலுக்குப் பொறுக்காமல் கலவையைக் குழைத்துவிட்டான்.

"இறுகிடும் நோங். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"உன்னை யாரு என்ன சொன்னா?"

"எல்லாரும் கடைசியில கொத்தனாரைத்தான் சொல்வாங்க."

ஜெமலின் சமையலறையில் பூசாத சுவருக்கு முன்னால் நின்றாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். சாம்பல் நிறக் கல் மேல் ஒரு கட்டம் வரைந்தாள், மேசை. இரண்டு சின்னக் கட்டம், நாற்காலிகள். ஒன்றில் ரோடெல் என்று எழுதினாள். அதன் வலது பக்கத்து நாற்காலியில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். கீழே, மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதுகிற குண்டு எழுத்தில்:

இங்கே நான் உட்காருவேன். இங்கே பாட்டு வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும்.

போன் அடித்தது. அவள் எடுத்து, கேமராவைச் சுவருக்குத் திருப்பிப் பிடித்தாள்.

"மா? என்ன மா காட்டற? நோங் ஒயரையெல்லாம்..."

படித்துவிட்டான். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவன் முகம் திரையில் பெரிதாக இருந்தது. பின்னால் விசிறி சுற்றியது, காலண்டர் தாள் ஏறி இறங்கியது. மழை அடித்தது. பெர்டோ கலவைத் தட்டோடு வாசலில் வந்து நின்றான்.

"மா," என்றான் ரோடெல். "சிக்னல்..."

அந்த வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். எங்கேயோ பக்கவாட்டில் பார்த்தான். இன்ஜின் அறையில் பத்தாயிரம் குதிரைச் சக்தியை அதட்டுகிறவன், பேர் கூப்பிட்டும் எழுந்திருக்காத பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான்.

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு மா."

அவள் கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். வாய் நன்றாகத் தெரியும்படி போனை உயர்த்திப் பிடித்தாள்.

"தெரியும்."

"அக்டோபர்ல தோத்துருவேன்."

"தோத்துட்டு வா."

"என்ன மா?"

அவன் கேட்ட அந்த 'என்ன'வுக்கு முதல் தடவையாக அவள் சிக்னலைத் திட்டவில்லை. இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னாள். "தோத்துட்டு. வா. சீக்கிரம். வா."

அவன் தலையாட்டினான். நிறைய நேரம் ஆட்டினான். பிறகு என்னைத் தேடி, "நோங், சமையலறை ஒயரை எடுத்துடுங்க. மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்," என்றான்.

சோப்புத் தடவி அரை நாள் இழுத்த ஒயர். ஒரே இழுப்பில் வெளியே வந்து என் காலடியில் சுருண்டு கிடந்தது. காலிக் குழாயின் வாயை டேப் வைத்து மூடினேன்.

"இதைப் பூசட்டுமா?" என்று பெர்டோ சுவரைக் காட்டிக் கேட்டான். "எழுத்து போயிடும்."

"பூசுங்க," என்றாள் ஜெமலின். "படிக்க வேண்டியவன் படிச்சாச்சு."

அவள் போனோடு அடுப்பு ஓரமாகப் போய், கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். சுவரெல்லாம் உடைத்துப் போட்ட வீடு, எங்கே நின்றாலும் எல்லாம் கேட்கும். நான் காதிலிருந்து மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மழை நின்றுபோன மாதிரி ஆயிற்று. பெர்டோவின் கரண்டி சத்தமில்லாமல் சுவரில் ஏறியது. முதலில் மேசை போனது, பிறகு ரோடெலின் நாற்காலி, கடைசியாக அந்தப் பெருக்கல் குறி. அடுப்பின் பக்கம் ஜெமலினின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷத்துப் பேச்சு, முடிகிற மாதிரித் தெரியவில்லை. சாறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் பார்க்கவில்லை, நான்தான் போய் இறக்கி வைத்தேன்.

திரும்பி வந்தபோது பெர்டோ கண்ணால் அவளைக் காட்டி, என்னிடம் ஏதோ கேட்டான். என்ன பேசிக்கறாங்க என்று கேட்டிருப்பான்.

காதைத் தட்டிக் காட்டினேன்.

"சிக்னல் சரியில்ல," என்றேன்.